சிறு விடுதிகளில் தங்குதல்: கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

வெளியூரிலிருந்து கொழும்புக்கு வருபவர் எவராயினும், வந்த காரியம் எதுவாயினும், முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. இன்றிரவு தலை சாய்ப்பது எங்கே என்பதே அது. நகரில் உறவினர் வீடு உள்ளவருக்கு இக்கவலை இல்லை. காலிமுகத் திடலின் அருகே நிற்கும் பெரிய ஹொட்டேல்களின் கட்டணத்தைக் கொடுக்க வல்லவருக்கும் இக்கவலை இல்லை. இவ்விரு திறத்தாருக்கும் இடையில் நிற்போரே பெரும்பான்மையோர். அவர்களுக்குப் புகலிடமாக இருப்பவை, மக்கள் வழக்கில் 'லொட்ஜ்' என்று சொல்லப்படும் சிறு தங்கு விடுதிகள்.

வைத்தியசாலையில் நாள் குறித்துக் கொடுக்கப்பட்ட நோயாளி, அவருக்குத் துணையாக வந்த மகள், தூதரகத்துக்குப் பத்திரங்களுடன் வந்த இளைஞர், நேர்முகப் பரீட்சைக்கு வந்த ஆசிரியை, மொத்த விலையில் துணி வாங்கப் புறக்கோட்டைக்கு வந்த வியாபாரி, வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளையை விமான நிலையத்தில் எதிர்கொள்ள வந்த பெற்றோர் ஆகிய இவர்களெல்லாம் இவ்விடுதிகளின் வாயிலைத் தேடி வருபவர்கள். இவர்கள் அங்கே எவற்றை எதிர்பார்க்கலாம், எவற்றை எதிர்பார்த்தலாகாது, எவற்றை உரிமையோடு கேட்கலாம் என்பனவற்றை நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

தமிழருக்கு விருந்தோம்பல் புதிதன்று. திருவள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் வீட்டுக்கு வரும் விருந்தினர் வேறு. பணங்கொடுத்து அறை எடுக்கும் வழிப்போக்கர் வேறு. இவ்விரண்டிற்கும் நடுவே நம் முன்னோர் அமைத்தவை சத்திரங்களும் மடங்களுமாகும். கோயிலை அண்டியும் யாத்திரை வழிகளிலும் அவை அமைந்தன. அவற்றிற் கூரையும் தண்ணீரும் கிடைத்தன. சிலவற்றிற் சோறும் கிடைத்தது. வாடகை என்ற பேச்சு அங்கே எழவில்லை. அரசாங்க உத்தியோகத்தரும் பிரயாணிகளும் தங்குவதற்கென ஏற்பட்ட வாடிவீடுகள் பிற்காலத்தன. இன்றைய லொட்ஜ் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது தனியார் ஒருவர் தம் கட்டடத்தை அறைகளாகப் பிரித்து நாள் வாடகைக்கு விடும் தொழில்.

இத்தொழில் கொழும்பில் வளர்ந்தமைக்குக் காரணம் துறைமுகமும் புகையிரதமுமேயாம். வடபகுதிக்கான புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறை வரை நிறைவுற்றது. அதன்பின் யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்கு வந்து போதல் எளிதாயிற்று. எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் பலர் தலைநகரிற் குடியேறினர். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்தோர் 'போடிங்' எனப்பட்ட இல்லங்களிற் கூட்டாகத் தங்கினர். 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது பயணம் மேலும் விரைவுற்றது. மாதக் கணக்கிற் தங்குவோருக்குப் போடிங் உதவியது; ஓரிரு நாள் தங்குவோருக்கு லொட்ஜ் உதவியது.

1983ஆம் ஆண்டு யூலை மாத வன்செயல்களும் அதன்பின் மூண்ட போரும் இவ்விடுதிகளின் தன்மையை மாற்றின. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. வெளிநாடு செல்ல விரும்பியோர் கடவுச்சீட்டுக்கும் வீசாவுக்கும் காத்திருக்க வேண்டிய இடமாகக் கொழும்பு அமைந்தது. ஓரிரவுக்கென வந்தவர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஒரே அறையில் இருந்தனர். தாழ்வாரங்களில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துச் சமைத்துண்டவர்களும் உளர். வழிப்போக்கர் விடுதியாக இருந்தது பலருக்குத் தற்காலிக வீடாக மாறிய காலம் அது. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. விடுதிகளும் பெரும்பாலும் ஓரிரு நாள் தங்குவோரின் இடங்களாக மறுபடியும் ஆயின.

இனி இடங்களை நோக்குவோம். கொட்டாஞ்சேனை கொழும்பு 13ஆம் வட்டாரத்திற் துறைமுகத்தை அடுத்துள்ள பழைய பகுதி. சாந்த லூசியா பேராலயம் அங்கே உள்ளது. அதை அடுத்த கொச்சிக்கடையில் அந்தோனியார் ஆலயமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும் உள்ளன. சற்று அப்பால் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவும் கதிரேசன் கோயில்களும் அமைந்துள்ளன. தெருக்கள் ஒடுக்கமானவை, கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. ஆகவே இப்பகுதி விடுதிகளில் அறைகள் சிறியனவாக இருப்பதும், சில அறைகளுக்குத் தெருப்பக்கச் சாளரம் இல்லாதிருப்பதும் வியப்பன்று.

வெள்ளவத்தை கொழும்பு 6ஆம் வட்டாரத்தில், கோட்டையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவிற் காலி வீதியின் இருமருங்கும் விரிந்தது. ஒருபுறம் கடலும் கரையோரப் புகையிரதப் பாதையும். மறுபுறம் ஒழுங்கைகளும் மாடிமனைகளும். 1942ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் இங்கேயே உள்ளன. தமிழிற் பேசிப் பொருள் வாங்கவும், தமிழிற் பெயர்ப்பலகை வாசித்து வழி தேடவும் இயலுமாதலின், முதன்முறை கொழும்புக்கு வருவோருக்கு இவ்விடம் அச்சந் தருவதில்லை. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் இரவுப் பேருந்துகள் இங்கிருந்தே புறப்படுவது மற்றொரு வசதி.

எவ்விடத்திற் தங்குவது என்பதை வந்த காரியத்தைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். புறக்கோட்டையிற் கொள்வனவு செய்வோருக்கும் கோட்டைப் புகையிரத நிலையத்தில் அதிகாலை வண்டி ஏற வேண்டியோருக்கும் கொட்டாஞ்சேனை அண்மையானது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 2013ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையின் கொழும்பு முனையும் அதற்குக் கிட்டவே உள்ளது. களுபோவிலை வைத்தியசாலைக்குச் செல்வோருக்கு வெள்ளவத்தை ஏற்றது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்வோர் கொட்டாஞ்சேனையிற் தங்கினால், நகரின் நெரிசலை ஒவ்வொரு காலையும் கடந்தே தீரவேண்டும். நூறு இருநூறு ரூபா வாடகைக் குறைவைக் கருதி எட்டத்தில் அறை எடுப்போர், அந்த மிச்சத்தைப் போலப் பன்மடங்கு பணத்தை முச்சக்கர வண்டிக்குக் கொடுப்பதைக் காண்கிறோம்.

விடுதியின் முகப்பைக் கண்டு அதன் தரத்தை அளக்க முயலுதல் வீண். கீழே மருந்துக்கடையோ துணிக்கடையோ இருக்கும். அதன் பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக ஏறத்தக்க ஒடுங்கிய படிக்கட்டு இருக்கும். அதன் தலைப்பிலே ஒரு மேசையும் ஒரு பதிவேடும் திறப்புகள் தொங்கும் பலகையும் காணப்படும். மின்தூக்கி உள்ள விடுதிகள் புதிய கட்டடங்களிலேயே உண்டு. நிலமட்டத்துக்கு மேலுள்ளதே முதலாம் மாடி எனப்படுவதால், மூன்றாம் மாடி என்றால் மூன்று வரிசைப் படிகளை ஏறவேண்டும் என்பதை நினைவிற் கொள்க. முழங்கால் நோவுள்ள முதியவரோ சத்திர சிகிச்சை முடிந்தவரோ உடன் இருப்பின், தொலைபேசியிற் பேசும்போதே கீழ்மாடி அறை வேண்டுமென்று கேட்டுக்கொள்ளல் நன்று.

அறையில் எதிர்பார்க்கத்தக்கவை இவை: ஒன்றோ இரண்டோ கட்டில்கள், வெளுத்த விரிப்பு, தலையணை, மின்விசிறி, ஒரு நாற்காலி, உடுப்பு மாட்டும் கொளுக்கி, உள்ளிருந்து பூட்டத்தக்க கதவு. குளிரூட்டப்பட்ட அறைக்குத் தனிக் கட்டணம். துவாயும் சவர்க்காரமும் சில விடுதிகளிற் தரப்படும், சிலவற்றிற் கேட்டாற் தரப்படும், ஏனையவற்றிற் கிடையா. ஆதலால் இரண்டையும் பையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. வெந்நீர் எல்லா இடத்தும் இல்லை. கொழும்பின் காலநிலையில் அது பெருங்குறையன்றெனினும், கைக்குழந்தையோடு வருவோர் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

அறையைப் பார்க்காமற் பணங்கொடுத்தல் தவறு. படியேறிச் சென்று அறையைப் பார்வையிடக் கேட்பது எவருக்கும் மனவருத்தம் தரும் செயலன்று. நல்ல விடுதிக்காரர் தாமே திறப்பை எடுத்துக்கொண்டு முன்னே நடப்பார். அங்கே பார்க்க வேண்டியவை நான்கு. விரிப்பு புதிதாக மாற்றப்பட்டதா? குழாயிற் தண்ணீர் வருகிறதா? கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? சாளரம் திறக்குமா? இவை நான்கும் நன்றாயின், சுவரின் நிறம் மங்கியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தீ முதலிய ஆபத்து நேரின் இறங்குவதற்கு வேறு படிக்கட்டு உண்டா என்பதையும் ஒருமுறை கண்ணாற் பார்த்துவைத்தல் வேண்டும்.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். காலி வீதியை நோக்கிய அறையிற் பேருந்துகளின் இரைச்சல் நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் அடங்கும். விடியுமுன் மீண்டும் எழும். கடற்கரைப் பக்க அறையிற் புகையிரதம் போகும்போதெல்லாம் சாளரக் கண்ணாடி அதிரும். கொட்டாஞ்சேனையிற் கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் அதிகாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். மெல்லிய உறக்கமுடையோர் கட்டடத்தின் உட்பக்க அறையைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அங்கே காற்று குறைவு. ஓசையும் காற்றும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும் என்பது இவ்விடுதிகளின் இயல்பு. நுளம்புக்கு மருந்தோ வலையோ உண்டா என்று மாலையிலேயே விசாரித்தல் வேண்டும். கொழும்பில் டெங்குக் காய்ச்சல் அற்பமாகக் கருதத்தக்கதன்று.

நாட்கணக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது என்பதிலேதான் பெரும்பாலான பிணக்குகள் தோன்றுகின்றன. சில விடுதிகளில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் ஒரு நாளாகும். வேறு சிலவற்றில் எந்நேரம் வந்தாலும் அடுத்து வரும் நண்பகலோடு நாள் முடியும். இரவுப் பேருந்திற் புறப்பட்டு அதிகாலை 5 மணிக்கு வெள்ளவத்தையில் இறங்குபவருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. இரண்டாம் முறைப்படி, அதே நாள் நண்பகலுக்குள் ஒரு நாள் வாடகை தீர்ந்துவிடும். குளித்து உடைமாற்றச் சில மணிநேரம் மாத்திரம் அறை வேண்டுவோருக்குக் குறைந்த கட்டணத்தில் இடங்கொடுக்கும் விடுதிகளும் உண்டு. கேளாமல் ஏறி, கணக்குத் தீர்க்கும்போது வாதாடுவதிற் பயனில்லை.

கட்டணத்தைப் பற்றி ஒரு தொகையை இங்கே கூறுதல் பொருந்தாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைகள் அடைந்த மாற்றத்தை நேயர்கள் அறிவர். ஆயினும் கேட்கவேண்டிய வினாக்கள் மாறுவதில்லை. சொல்லும் தொகை அறைக்கா, ஆளுக்கா? வரியும் சேவைக் கட்டணமும் அதில் அடக்கமா? மேலதிகப் பாய்க்கோ மெத்தைக்கோ எவ்வளவு? ஒரு நாள் முந்திப் போக நேர்ந்தால் முற்பணம் திரும்புமா? ஆடிவேல் விழாக் காலத்திலும், மார்கழி விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும் நாட்களிலும் அறைகள் அரிதாகும், விலையும் ஏறும். கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குதல் எப்போதும் நன்று. தொழில் நிமித்தம் வந்தவர் அதைக் காட்டியே தம் செலவைத் திரும்பப் பெறுவார். பிணக்கு வந்தாலும் அதுவே சான்று.

உணவு பெரும்பாலும் விடுதிக்குள் இல்லை. அது குறையன்று, ஒருவகையில் நன்மையே. இரு பகுதிகளிலும் சைவக் கடைகள் அதிகாலையிலேயே திறக்கும். இடியப்பமும் சொதியும் சம்பலும், தோசையும் வடையும், சூடான பிளேன்ரீயும் கால்நடைத் தூரத்திற் கிடைக்கும். நோயாளிக்குக் கஞ்சி வேண்டுமெனில், முதல்நாள் மாலையே கடைக்காரரிடம் சொல்லி வைத்தல் வேண்டும். அறைக்குள் அடுப்பு மூட்டுதல் ஏறக்குறைய எல்லா விடுதிகளிலும் தடை செய்யப்பட்டுள்ளது. ஒடுங்கிய படிக்கட்டையும் நெருங்கிய அறைகளையும் எண்ணினால், அத்தடை எவ்வளவு நியாயமானது என்பது விளங்கும்.

சிறு விடுதிகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவையல்ல. நம்மவர் பெருந்தொகையாக வாழும் பிரான்சு நாட்டை எடுத்துக்கொள்வோம். பாரிசில் வடக்குப் புகையிரத நிலையத்தை அடுத்த லா சப்பல் பகுதியிற் தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ளன. உறவினரைக் காணச் செல்வோர் பலர் அதன் அயலிலுள்ள சிறு ஹொட்டேல்களிலேயே தங்குகின்றனர். அங்கும் பழைய கட்டடங்களிற் படிக்கட்டு ஒடுக்கமானது, மின்தூக்கி இருந்தாலும் இருவர் நிற்க இடமிராது, அறை சிறியது. மாடிப்படி விளக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் எரிந்து, சிறிது நேரத்திற் தானே அணைந்துவிடும். காலையுணவு பெரும்பாலும் அறை வாடகையிற் சேராது. பாணும் வெண்ணெயும் பழப்பாகும் கோப்பியுமாக அமையும் அதற்கு வேறாகப் பணம் கொடுக்கவேண்டும். பல ஊர்களில் ஒவ்வோர் இரவுக்கும் ஆள்தோறும் ஒரு சிறிய தங்கல் வரியும் அறவிடப்படும்.

ஆயின் அந்நாட்டுச் சிறு ஹொட்டேல்களில் நாம் கற்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. அறைகளின் விலையை வாயிலருகே எல்லோரும் காண எழுதி வைத்தல் அங்கே சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உள்ளே நுழையுமுன்னரே செலவு தெரிந்துவிடுகிறது. வருபவரின் உடையையும் பேச்சையும் கண்டு விலையை ஏற்றுவதற்கு இடமில்லை. கொழும்பின் விடுதிகளிலும் விலைப்பட்டியலை மேசைக்குப் பின்னால் மாட்டி வைப்போர் உண்டு. அவ்வழக்கம் பரவுமாயின், வாடிக்கையாளர் சந்தேகம் நீங்கும். விடுதிக்காரருக்கும் நற்பெயர் வளரும்.

இனி, பதிவேட்டைப் பற்றிக் கூறவேண்டும். அறை எடுப்பவர் தம் பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், வந்த நோக்கம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டுப் பிரசைகள் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். பிரான்சிலும் வெளிநாட்டவர் இத்தகைய படிவம் ஒன்றை நிரப்புகின்றனர். ஹொட்டேல் அதை ஆறு மாதம் வைத்திருந்து, பொலிசார் கேட்டாற் காட்ட வேண்டும். ஆகவே பதிவேடு என்பது தன்னளவிற் குற்றமற்றது. ஆனால் கொழும்புத் தமிழர் வாழ்விற் பதிவேட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. அதை மறைத்துவிட்டு விடுதிகளைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

போர்க்காலத்திற் குண்டுவெடிப்புகள் தலைநகரை உலுக்கின. 1996ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் மத்திய வங்கியில் நிகழ்ந்த வெடிப்பு அவற்றுட் பெரியதொன்று. பாதுகாப்புப் பிரிவினர் விடுதிகளைச் சோதனையிடுவது வழக்கமாயிற்று. வடக்கு கிழக்கிலிருந்து வந்தோர் பொலிசிற் பதிய வேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் அதிகாலையில், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளுக்குட் பொலிசார் புகுந்தனர். அங்கே தங்கியிருந்த தமிழர்களுக்குக் கொழும்பிலிருக்கத் தக்க காரணம் இல்லை என்று கூறி, சிறிது நேரத்திற் பொருட்களைக் கட்டிக்கொள்ளச் செய்து, பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். அவ்வாறு அனுப்பப்பட்டோர் 376 பேர். அவர்களுள் 85 பேர் பெண்கள். வைத்தியத்துக்கு வந்தோரும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோரும், வேலை செய்து வந்தோரும் அவர்களிடையே இருந்தனர்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாள், யூன் 8ஆம் நாள், மேற்கொண்டு எவரையும் வெளியேற்றலாகாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அனுப்பப்பட்டோருட் பலர் கொழும்புக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அச்செயலுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பதிவேட்டிற் தன் பெயரைத் தானே எழுதிய மனிதன், அவ்வெழுத்தின் துணைகொண்டே வெளியேற்றப்பட்ட நிகழ்ச்சி அது. அவசரகால நிலை 2011ஆம் ஆண்டில் நீங்கியது. ஆயினும் பதிவேட்டைக் கண்டதும் ஒரு கணம் பேனாவை நிறுத்தும் முதியவர்களை இன்றும் காணலாம். அத்தயக்கத்தை இளைய தலைமுறையினரும் விடுதி ஊழியரும் புரிந்துகொள்ள வேண்டும்.

இதன் மறுபுறத்தையும் நோக்குதல் கடன். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் பிற தேவாலயங்களிலும் பெரிய ஹொட்டேல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதேநாளிற் தெஹிவளையில் ஒரு சிறு தங்குமிடத்திலும் குண்டு வெடித்தது. தம் கூரையின் கீழ் யார் இருக்கிறார் என்பதை விடுதிக்காரர் அறிந்திருத்தல், ஏனைய விருந்தினரின் பாதுகாப்புக்கே வேண்டியதாகிறது. அறிந்திருத்தல் வேறு, ஒரு மொழி பேசுவோர் அல்லது ஒரு சமயத்தார் அனைவரையும் ஐயுறுதல் வேறு. முன்னையது கடமை, பின்னையது அநீதி.

இவ்வேறுபாட்டை நாட்டின் அடிப்படைச் சட்டமே வகுத்துள்ளது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கையெங்கும் நடமாடவும் தான் விரும்பும் இடத்தில் வதியவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை அளிக்கிறது. 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு இன்னும் தெளிவானது. இனம், மதம், மொழி, சாதி, பால் என்பன காரணமாகக் கடைகள், உணவகங்கள், ஹொட்டேல்கள் முதலியவற்றுக்குள் எவரும் புகுவதைத் தடுத்தலாகாது என்று அது கூறுகிறது. ஹொட்டேல் என்ற சொல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார். அறை காலியாக இருக்க, பெயரைக் கேட்டபின் இடமில்லை என்று சொல்லப்படுவோர் இவ்வுறுப்புரையை அறிந்திருத்தல் நல்லது. ஆகையால் பதிவேட்டை நிரப்புகையில் அடையாள அட்டையைக் காட்டுக. இலக்கத்தை எழுதிக்கொள்ளவோ பிரதி எடுக்கவோ இடங்கொடுக்க. மூல அட்டையை மாத்திரம் தங்கியிருக்கும் நாளெல்லாம் மேசையில் விட்டுவைக்காது திரும்பப் பெற்றுக்கொள்க. அது வீதியிலும் வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் உங்களுக்கே வேண்டியது.

தனியே பயணஞ் செய்யும் பெண்களைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தனித்து வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கத் தயங்கும் விடுதிகள் இன்னும் உண்டு. ஏன் வந்தீர், யாரோடு வந்தீர் என்று அளவுகடந்து வினவும் ஊழியரும் உண்டு. பரீட்சைக்கும் தொழிலுக்கும் வைத்தியத்துக்கும் பெண்கள் தனியே வந்துபோகும் காலம் இது. அவர்களுக்கு வேண்டியது ஆராய்ச்சியன்று. நல்ல தாழ்ப்பாளும், வெளிச்சமுள்ள படிக்கட்டும், இரவில் மேசையருகே பொறுப்பான ஒருவரும் இருத்தலே. முன்னர் தங்கிய உறவுப் பெண்கள் அல்லது தோழியர் பரிந்துரைக்கும் விடுதியைத் தெரிவது பாதுகாப்பானது. விளம்பரத்தைவிட வாய்மொழியே இவ்விடயத்தில் நம்பத்தக்கது.

விடுதிக்காரரின் பக்கமும் உண்டு. மின்சாரமும் தண்ணீரும் விலை ஏறியவை. முப்பது விரிப்புகளை நாளாந்தம் வெளுக்கக் கொடுப்பது சிறு செலவன்று. இரவு முழுவதும் மேசையருகே விழித்திருப்பவர் பெரும்பாலும் மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ குடும்பத்தைப் பிரிந்து வந்த இளைஞராவார். அறையை விட்டுப் போகும்போது மின்விசிறியை நிறுத்துதல், குழாயை மூடுதல், பின்னிரவில் உரத்துப் பேசாதிருத்தல், திறப்பை மறவாது கொடுத்தல் ஆகியவை தங்குவோரின் கடமைகள். 'தம்பி' என்று அன்போடு விளித்து ஒன்றைக் கேட்பவருக்குக் கிடைக்கும் உதவி, அதட்டிக் கேட்பவருக்குக் கிடைப்பதில்லை.

நேயர்களே, சிறு விடுதியிற் பெருஞ் சுகத்தை எதிர்பார்த்தலாகாது. தூய விரிப்பு, ஓடும் தண்ணீர், பூட்டத்தக்க கதவு, சொன்ன விலை, மரியாதையான சொல் என்னும் ஐந்தையும் எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும். இவற்றுள் முதல் நான்கையும் பணத்தால் அமைத்துவிடலாம். ஐந்தாவது விடுதிக்காரரின் உள்ளத்தைப் பொறுத்தது. நோயுற்ற தாயை அழைத்துக்கொண்டு விடியற்காலையிற் படியேறி வருபவருக்கு, இருக்கச் சொல்லி ஒரு நாற்காலியை முதலில் நகர்த்திக் கொடுத்து, பதிவேட்டை அதன்பின் எடுக்கும் விடுதிகள் கொட்டாஞ்சேனையிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் உண்டு. அத்தகைய விடுதியைக் கண்டவர் அதன் பெயரைத் தம் ஊராருக்குச் சொல்லிவைப்பாராக. அடுத்து வரும் பயணிக்கு அவர் செய்யும் உதவி அதுவேயாகும்.